மின்னஞ்சலும் புலனமும்: நேரத்தை நம் கையில் வைத்திருப்பது எப்படி?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, தலைப்பைத் தேடி நான் அலையவில்லை. ஆலயத்திற்கு வருகின்ற பெரியவர்களும் இளையோரும் என்னிடம் சொல்லும் குறை ஒன்றுதான்: "சார், நேரமே கிடைப்பதில்லை." அப்படிச் சொல்கின்றவர் கையிலே திறன்பேசி இருக்கும். சொல்லி முடிப்பதற்குள் அது இரண்டு முறை ஒலித்திருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி மணிக்கும் கால அட்டவணைக்கும் கட்டுப்பட்டு வாழ்ந்தவன் நான். ஆகவே இதைப் பற்றிச் சிறிது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே. மின்னஞ்சல், புலனம் என்று நாம் அழைக்கும் வாட்ஸ்அப், முகநூல் ஆகிய மூன்றுக்கும் நாம் நேரம் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அவை நம் நேரத்தைக் குறிக்கத் தொடங்கிவிடும்.

நேரம் எங்கே போகிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் தேவையில்லாமல் திறன்பேசியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 547 மணி நேரம் ஆகிறது. அதை இருபத்து நான்கால் வகுத்தால், உறக்கத்தையும் உணவையும் சேர்த்து, முழுமையாக 22 நாள்களுக்கு மேல் வருகிறது. விரதமிருக்க, பிள்ளைகளோடு பேச, உறவினர் வீட்டுக்குப் போக, ஆலயத் திருப்பணியில் தோள் கொடுக்க நேரமில்லை என்கிறோமே, அந்த நேரம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், 1978-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். அவர் 1971-ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையை எடுத்துரைத்தார். தகவல் பெருகப் பெருக, அதனைப் பெறுகின்றவரின் கவனம் வறண்டு போகிறது என்பதே அவர் கருத்தின் சாரம். அவர் அதைச் சொன்னபோது உலகில் கைத்தொலைபேசியே விற்பனைக்கு வரவில்லை.

இன்று அந்தக் கவனத்தை வைத்துத்தான் பெரிய நிறுவனங்கள் வாணிகம் செய்கின்றன. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் விற்கலாம். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு நாமே செல்ல வேண்டும். 2006-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆசா ரஸ்கின், விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடியாமல் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதை நினைத்து வருந்திப் பேசியிருக்கிறார். முடிவில்லாத பக்கத்தில் நிறுத்துகின்ற பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுந்துவிட்டது.

கடிதம் வந்த காலம்

என் வயதை ஒத்தவர்களுக்கு ராஜுலா என்ற பெயர் நினைவிருக்கும். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சென்று வந்த கப்பல் அது. நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் அதில் வந்தவர்கள்தாம். அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வர நாள் கணக்கில் ஆகும். பின்னர் நீலநிற வானஞ்சல் தாள் வந்தது. அதன் மடிப்புகளின் ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார்கள். தபால்காரர் வந்து போன பிறகு வீட்டார் கூடி உட்கார்ந்து, எழுத்துத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பதில் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கப்படும்.

அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரணச் செய்திகூட காரியம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த துயரத்தை நம் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. ஆயினும் அந்தக் கடிதத்தில் ஒரு நன்மை இருந்தது. தபால்காரர் நாளுக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நேரமெல்லாம் நம்முடையதாக இருந்தது. இன்றைய தபால்காரர் நம் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறார்.

கருவியின் மேல் குற்றமில்லை

புதிய கருவிகளைப் பழிப்பது எளிது. ஆனால், நன்றாகப் பயன்படுத்தினால் அவை எத்தகைய தொண்டு செய்யும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால், பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கச் செய்தனர். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்களும் மின்னஞ்சல் வழியே இணைந்து அப்பணியைச் செய்தார்கள். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். கைத்தொலைபேசியில் தமிழ் எழுத அவர் தந்த செல்லினம் 2005-இல் வெளிவந்தது. இன்று நாம் புலனத்தில் தமிழில் எழுதுவதற்குப் பின்னால் இத்தகையோரின் உழைப்பு இருக்கிறது.

நம் தீவுக்கும் இதில் பங்குண்டு. இண்டெல் நிறுவனம் வெளிநாட்டில் அமைத்த முதல் தொழிற்சாலை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. அதன் பிறகு நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்து குடும்பத்தைக் கரையேற்றினார்கள். ஆகவே கருவியின் மேல் நமக்குப் பகையில்லை. மதுரைத் திட்டத் தொண்டர்கள் ஒரு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலைத் திறந்தார்கள். நாமோ பல வேளைகளில் ஒரு வேலையும் இல்லாமல் திறக்கிறோம். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

நடை திறப்பும் நடை சாத்தலும்

நம் ஆலயங்களைப் பாருங்கள். காலையில் நடை திறக்கிறது. நண்பகலில் சாத்தப்படுகிறது. மாலையில் மீண்டும் திறந்து, இரவுப் பூசைக்குப் பின் சாத்தப்படுகிறது. அருள் வழங்கும் ஆண்டவன் சந்நிதிக்கே திறக்கவும் சாத்தவும் நேரம் இருக்கும்போது, காலை வணக்கப் படங்கள் வருகின்ற பெட்டி மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டுமா? தைப்பூசம் போன்ற பெருவிழாவில் இரவெல்லாம் நடை திறந்திருக்கும். அது ஆண்டுக்குச் சில நாள்கள் மட்டுமே. அதுபோல விழாக் காலத்தில் தொண்டூழியர்கள் இரவிலும் செய்தி பார்க்கட்டும். ஆண்டு முழுவதையும் தைப்பூசமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குஷ்லெவ், டன் ஆகிய இருவரும் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் விரும்பியபோதெல்லாம் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை என்று கட்டுப்படுத்திய வாரத்தில் அவர்களின் மன அழுத்தம் குறைந்திருந்தது. நான் இதனைப் பின்பற்றி வருகிறேன். காலை பசியாறிய பின் ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலை பூசைக்குப் போகுமுன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். அதற்கு மேல் தேவைப்படுவதே அரிது.

"அவசரச் செய்தி வந்தால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பிள்ளைகளுக்கும் செயலவை நண்பர்களுக்கும் நான் சொல்லியிருப்பது இதுதான்: அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள்; எழுத்தில் அனுப்புவதெல்லாம் காத்திருக்கக் கூடியது என்றே எடுத்துக்கொள்வேன். இந்த ஒரு வழக்கம் வீட்டிலே நிலைத்துவிட்டால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும்.

மின்னஞ்சலைக் கையாளும் முறை

பள்ளி அலுவலகத்தில் வருகின்ற கடிதங்களைத் தலைமையாசிரியர்கள் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடிதத்தை இரண்டு முறை கையில் எடுக்க மாட்டார்கள். அதே முறை மின்னஞ்சலுக்கும் பொருந்தும்.

முதலாவது, திறந்தவுடன் முடிவெடுங்கள். இரண்டு நிமிடத்தில் பதில் எழுதக் கூடியதென்றால் உடனே எழுதி அனுப்பிவிடுங்கள். நேரம் எடுக்கும் என்றால் தனிக் கோப்பில் போட்டு, எந்த நாளில் செய்வது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தேவையற்றதை அழித்துவிடுங்கள்.

இரண்டாவது, கடைகளும் வங்கிகளும் விமான நிறுவனங்களும் அனுப்பும் விளம்பர அஞ்சல்களின் அடியில், சந்தாவை நிறுத்தும் இணைப்பு சிறிய எழுத்தில் இருக்கும். தெரிந்த நிறுவனம் என்றால் அதனை அழுத்துங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதாக இருந்தால் எதையும் அழுத்தாமல், குப்பை அஞ்சல் என்று குறித்து நீக்கிவிடுங்கள். நாளுக்கு ஐந்து வீதம் ஒரு மாதம் செய்தால் பெட்டி வெகுவாக மெலிந்துவிடும்.

மூன்றாவது, நீங்கள் எழுதும்போது தலைப்பிலேயே செய்தியைச் சொல்லிவிடுங்கள். "ஒரு விஷயம்" என்று தலைப்பிட்டால் பெறுபவர் திறந்து படித்துத்தான் அறிய வேண்டும். "பங்குனி உத்திர அன்னதான உபயம்: தொகை பற்றிய விளக்கம்" என்று எழுதினால் ஆலய அலுவலகத்தில் அது உரியவரிடம் நேரே போய்ச் சேரும்.

புலனக் குழுக்கள்

இன்று நம் சமூகத்தில் குழு இல்லாத இடமே இல்லை. குடும்பத்துக்கு ஒன்று, பள்ளித் தோழர்களுக்கு ஒன்று, குடியிருப்புக்கு ஒன்று, தேவார வகுப்புக்கு ஒன்று, தண்ணீர்ப்பந்தலுக்கு ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலயத் தொண்டூழியர் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மையார் தம் தாயாரின் நினைவு நாளில் அன்னதானம் செய்ய விரும்பி, நாளையும் எத்தனை பேருக்கு என்பதையும் குறித்து எழுதியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. அந்தச் செய்தியின் மேல் அம்மன் படங்களும், காலை வணக்கங்களும், கைகூப்பும் குறிகளுமாக நூற்று நாற்பதுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நினைவு நாளுக்கு முதல் நாள் அந்த அம்மையாரே ஆலய அலுவலகத்துக்கு அழைத்து, "ஒரு பதிலும் இல்லையே, வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். சமையற்காரரையும் மளிகைக்காரரையும் அன்று மாலையே பிடித்து எப்படியோ நடத்திக் கொடுத்தோம். ஆனால் அந்தக் கேள்வியில் இருந்த வருத்தம் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் படங்களை அனுப்பியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். பக்தியோடுதான் அனுப்பினார்கள். நல்ல எண்ணம் குவிந்து நல்ல காரியத்தை மறைத்துவிட்டது.

அதன் பிறகு செயலவை கூடிச் சில விதிகளை வகுத்தது. அவற்றைப் பிற ஆலயங்களும் குடும்பங்களும் பின்பற்றலாம்.

1. அறிவிப்புக்கு ஒரு குழு, உரையாடலுக்கு ஒரு குழு என்று பிரித்தோம். அறிவிப்புக் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும். இந்த வசதி 2018 முதல் புலனத்தில் உண்டு.

2. உபயம், நன்கொடை பற்றிய செய்திகள் குழுவுக்கு வரக்கூடாது. அலுவலக எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ வரவேண்டும். வந்தால் மறுநாளுக்குள் பதில் போகும்.

3. இரவு ஒன்பது மணிக்குப் பின் காலை ஏழு மணி வரை குழுவில் யாரும் எழுதுவதில்லை. விழா நாள்களுக்கு மட்டும் விலக்கு.

4. ஒப்புதல் கேட்டால் ஒரு விரற்குறி போதும். ஐம்பது பேர் தனித்தனியே "சரி" என்று எழுத வேண்டாம்.

தனிப்பட்ட முறையிலும் சில அமைப்புகளைச் செய்துகொள்ளலாம். ஒரு குழுவின் ஓசையை எட்டு மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, எப்போதைக்குமோ அடக்கி வைக்கலாம். அடக்கி வைத்தது அனுப்பியவருக்குத் தெரியாது. ஆகவே மனவருத்தத்துக்கு இடமில்லை. உங்களைக் கேட்காமல் முன்பின் தெரியாதவர் குழுவில் சேர்க்காதபடி தனியுரிமை அமைப்பில் மாற்றிவிடலாம். படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்திவிட்டால் திறன்பேசியும் நிரம்பாது. இவை எங்கே இருக்கின்றன என்று தெரியாத பெரியவர்கள் தயங்காமல் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களோடு பேச அதுவும் ஒரு வாய்ப்பு.

பகிருமுன் ஒரு கணம்

இன்னொரு கணக்கு. 200 பேர் உள்ள குழுவுக்கு ஒரு காணொளியைப் பகிர நமக்கு ஒரு வினாடிதான் ஆகும். ஒவ்வொருவரும் அதற்கு அரை நிமிடம் செலவழித்தால் மொத்தம் 100 நிமிடம். பிறர் பணத்தைக் கேட்காமல் எடுக்க மாட்டோம். பிறர் நேரத்தை எடுக்குமுன்னும் சற்றுத் தயங்கலாமே. திருவள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். இருபதாம் அதிகாரமான அது, இன்றைய பகிர்வுகளுக்கென்றே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு.

நேரம் போவதோடு நின்றால் பரவாயில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், ஒரு குடும்பத்தினர் தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்றனர். மலேசியாவிலிருந்து சென்ற உறவினர்களும் அவர்களோடு இருந்தனர். வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கூட்டம் சுற்றுகிறது என்ற வதந்தி அப்போது புலனத்தில் பரவிக்கொண்டிருந்தது. ஊரார் திரண்டு அவர்களை அடித்ததில் 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். குலதெய்வத்தைத் தேடிப் போகாத குடும்பம் நம்மில் எத்தனை? அந்த வண்டியில் நாமும் இருந்திருக்கலாம். அந்த வதந்தியைப் பகிர்ந்தவர்களில் பலர் ஒரு வினாடிகூட நின்று யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டில் இந்தியாவில் இத்தகைய கொலைகள் பல நடந்தன. அதன் பின்னர் அந்நிறுவனம் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி முதலில் அங்கும், 2019 சனவரியில் உலகம் முழுவதும் கட்டுப்பாடு விதித்தது. பல கைகள் மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அதனால் அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது. சற்றே தடை வைத்ததற்கு இத்தனை பலன் என்றால், நாமே தடை வைத்துக்கொண்டால் எவ்வளவு பலன் கிடைக்கும்! செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். ஐயம் இருந்தால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா இணையத் தளத்தில் சரிபார்க்கலாம். அதற்கு நேரமில்லை என்றால் பகிராமல் விட்டுவிடலாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை.

இடைவிடாமல் ஒலிக்கும் திறன்பேசியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள், "உடனே" என்ற சொல்லைக் கண்டதும் யோசிக்காமல் கை நீட்டிவிடுகிறார்கள். மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அதுவே. ஆலயத்தின் பெயரிலோ, உறவினர் பெயரிலோ உடனே பணம் கேட்டுச் செய்தி வந்தால், குறித்த நேரம் வரும்வரை அதனை விட்டுவையுங்கள். பின்னர் உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் தாமதிக்கவே கூடாது. 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் உடனே அழையுங்கள்.

முகநூலும் காணொளிகளும்

இவற்றில் நேரம் போவது தெரியாமலே போகும். மூன்று வழிகள் சொல்கிறேன். எதைப் பார்க்கத் திறக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திறங்கள், பார்த்ததும் மூடுங்கள். காணொளி முடிந்தவுடன் அடுத்தது தானாக ஓடும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். உண்ணும் மேசைக்கும் படுக்கை அறைக்கும் திறன்பேசியைக் கொண்டுபோகாதீர்கள். விடியலில் எழுப்ப வேண்டுமானால் ஒரு சிறிய கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் செலவாகிறது என்று இன்றைய திறன்பேசிகளே கணக்குக் காட்டுகின்றன. வாரம் ஒரு முறை அதைப் பாருங்கள். மாணவனின் தேர்ச்சி அறிக்கையைப் போல அது பொய் சொல்லாது.

தனிமையில் வாழும் முதியவர்களுக்குப் புலனம் பெருந்துணை என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, வீட்டில் தனியே இருக்கும் தாயாருக்கு அந்தக் காலை வணக்கப் படம்கூட ஓர் ஆறுதல்தான். பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: படம் அனுப்பும் நேரத்தில் ஒரு நிமிடம் அழைத்துப் பேசுங்கள். தாயாருக்கு அன்றைய நாள் முழுவதும் அது போதும்.

ஒரு வாரப் பயிற்சி

ஆசிரியராக இருந்தவன் பயிற்சி கொடுக்காமல் பாடத்தை முடிக்க மாட்டான். வருகின்ற திங்கட்கிழமை தொடங்கி ஏழு நாள்களுக்கு இதைச் செய்து பாருங்கள். செய்தி பார்க்க மூன்று நேரங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். குடும்பத்தாரிடம் "அவசரமென்றால் அழையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். குழுக்களின் ஓசையை ஒரு வாரத்துக்கு அடக்குங்கள். நாளுக்கு ஒரு செய்தியையாவது பகிராமல் விடுங்கள். மிச்சமான நேரத்தை என்ன செய்தீர்கள் என்று இரவில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஏழாம் நாள் அந்த ஏழு வரிகளையும் படித்துப் பாருங்கள்.

அந்த வரிகளில் ஒன்று, நெடுநாளாகப் போகாமலிருந்த ஒரு வீட்டுக்குப் போய் வந்ததாக இருந்தால் நான் மிகவும் மகிழ்வேன். ஆலயத்திலே என்னைக் கண்டால் சொல்லுங்கள். நேரிலே சொல்லுங்கள், செய்தி அனுப்ப வேண்டாம்.